கயிறு சிக்காத கேமரா

"அண்ணே, ஸ்கைடைவிங் படமெடுக்க எந்த கேமரா வாங்கலாம்?" கல்யாணப் படமெடுக்கும் தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தாய்லாந்துக்கோ துபாய்க்கோ போய்ப் பயிற்சி எடுத்திருப்பார்கள். 25 குதிப்பு முடிந்து முதல் லைசென்ஸ் கைக்கு வந்ததும் அடுத்த நினைப்பு கேமராதான். இதுவரை எத்தனை குதிப்பு என்று கேட்டால் முப்பது, முப்பத்தைந்து என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போய்க் குதி.

அமெரிக்க பாராசூட் சங்கத்தின் வழிகாட்டி நூல், கேமரா மாட்டுவதற்கு முன் சி லைசென்ஸ் வேண்டும் என்கிறது. அதற்கு 200 குதிப்பு ஆகியிருக்க வேண்டும். கேமராவோடு எந்தப் பாராசூட்டில் குதிக்கப் போகிறோமோ, அதிலேயே அண்மையில் 50 முறை குதித்திருக்கவும் வேண்டும். "கோப்ரோ சின்னதுதானே" என்ற சமாதானத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சின்ன கேமராவும் கவனத்தைத் திருடும். குப்புற விழும்போது வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். ஆறு விநாடிகூட ஆகாது, ஆயிரம் அடி போய்விடும். நண்பரைச் சட்டகத்துக்குள் கொண்டுவர ஒரு தடவை முயன்று பார்ப்பதற்குள் அந்த ஆறு விநாடி கழிந்திருக்கும்.

பழகியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவில், 800 தடவைக்கு மேல் குதித்த ஒருவர் பயிற்சிக் குதிப்பைப் படமெடுக்க விமானத்திலிருந்து குதித்தார். வீடியோ கருவி முதுகில் இருந்தது, பாராசூட் இல்லை. அது அவருக்குத் தெரிந்தபோது வானத்தில் இருந்தார்.

200 குதிப்பு ஆனவர்கள் மேலே படிக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது மெகாபிக்சல் அல்ல, கயிறு எங்கே சிக்கும் என்பது. கேமராவை ஹெல்மெட்டில் பொருத்திவிட்டு, மெல்லிய நைலான் கயிறு ஒன்றை எடுத்து முன்னிருந்து பின்னாகவும் பக்கவாட்டிலும் கீழிருந்து மேலாகவும் ஹெல்மெட்டின் மேல் இழுத்துப் பாருங்கள். திருகாணி முனை, லென்ஸ் விளிம்பு, கேமராவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு என்று எங்காவது கயிறு நிற்கும். அங்கேதான் பாராசூட் கயிறும் நிற்கும். இடுக்கை அடையுங்கள், முனையை டேப் போட்டு மூடுங்கள், மறுபடி இழுங்கள். கயிறு எங்கும் நிற்காமல் வழுக்கிப் போகும்வரை அந்த ஹெல்மெட் விமானம் ஏறக்கூடாது.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? முதன்மைப் பாராசூட் கோளாறானால் அதைக் கழற்றிவிட்டுத்தான் மாற்றுப் பாராசூட்டை விரிக்க வேண்டும். கயிறு கேமராவில் மாட்டியிருந்தால் கழற்றிவிட்ட பாராசூட் உங்கள் தலையோடு தொங்கும், மாற்றுப் பாராசூட் அதில் போய்ச் சுற்றிக்கொள்ளும். ஆகவே ஒரே கையால், ஒரே இழுப்பில் ஹெல்மெட்டே கழன்று போகும் தாழ்ப்பாள் கட்டாயம் வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு தரையில் பழகுங்கள். செல்ஃபி குச்சி வேண்டவே வேண்டாம்.

அடுத்தது எடை. பாராசூட் விரியும் உலுக்கலில் தலையில் உள்ள ஒவ்வொரு கிராமும் கழுத்தில் இறங்கும். பெரிய கேமராவும் ஜூம் லென்ஸும் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோவைத் தொடும். சோனி ஏ6000 மாதிரி சிறிய கேமராவில் 16 மி.மீ. தட்டை லென்ஸ் போட்டால் மொத்தம் ஏறக்குறைய 410 கிராம்தான். அகன்ற லென்ஸ்தான் இந்த வேலைக்குச் சரி. எதிரே இருப்பவர் இரண்டு மூன்று மீட்டருக்குள் இருப்பார். கேமரா தலைமேல் இருப்பதால் வ்யூஃபைண்டரில் கண் வைக்க முடியாது, முகம் திரும்பும் பக்கம்தான் படம். ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். எஃப் 5.6-இல் இரண்டரை மீட்டருக்கு ஃபோகஸ் வைத்தால் ஒன்றேகால் மீட்டருக்கு அப்பால் எல்லாம் தெளிவாக விழும். ஃபோகஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று திருப்பிவிடும். ஷட்டர் 1/1000 வைக்கலாம். கை இரண்டும் பாராசூட்டுக்குத்தான், கேமராவுக்குப் பல்லால் கடித்து இயக்கும் ஸ்விட்ச் போதும்.

இனி, யாருமே கவனிக்காத காகிதம். இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் விலக்குகளுக்குப் பொதுக் குறியீடு உண்டு. எக்ஸ்க்ளூஷன் 09 என்ற இடத்தைத் தேடிப் படியுங்கள். சாகச விளையாட்டில் 'தொழில்முறையாக' ஈடுபட்டு அடிபட்டால் சிகிச்சைச் செலவு கிடைக்காது என்று இருக்கும். அந்தப் பட்டியலில் ஸ்கைடைவிங் பெயர் சொல்லியே இருக்கிறது. பொழுதுபோக்குக்குக் குதிப்பவர் ஒன்று, காசு வாங்கிக்கொண்டு பிறரைப் படமெடுப்பவர் வேறு. அந்த ஒரு சொல்லில் லட்சக்கணக்கான ரூபாய் நிற்கிறது. விபத்துக் காப்பீட்டிலும் பயணக் காப்பீட்டிலும் விலக்கு இதைவிட அகலமாக இருக்கலாம், தனித்தனியே படியுங்கள். ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்ற கேள்விக்கு உங்களைக் கேட்காமலே 'இல்லை' என்று நிரப்பும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவது நீங்கள், பொய் சொன்னவராக நிற்பதும் நீங்கள்.

போனில் "கவர் ஆகும் சார்" என்பார்கள். அந்த வாய்வார்த்தைக்கு மதிப்பே இல்லை. 'இந்த நாட்டில், இந்தத் தேதிகளில், கேமராவுடன் ஸ்கைடைவிங் செய்கிறேன், பாலிசி பொருந்துமா' என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கோரிக்கையை மறுத்தால், முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்த அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். நிறுவனம் கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஓராண்டு, மறக்காதீர்கள். பாலிசிதாரர் இல்லாவிட்டால் நாமினியே புகார் கொடுக்கலாம். அதனால் அந்த மின்னஞ்சல் பதிலை அச்செடுத்து பாலிசியோடு வீட்டில் வையுங்கள். எந்த அலமாரி, எந்தக் கோப்பு என்று நாமினியிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறுங்கள்.