கபச்சுரப்பி அறுவைக்குப் பின் ஹார்மோன்கள் மீளுதல்

பிட்யூட்டரி எனப்படும் கபச்சுரப்பி, மூளையின் அடியில் ஓர் எலும்புக் குழிக்குள் அமைந்த, பட்டாணி அளவுள்ள சுரப்பி ஆகும். இதன் எடை ஏறத்தாழ அரை கிராம். தைராய்டு, அட்ரீனல், இனப்பெருக்கச் சுரப்பிகள் ஆகியவை இதன் ஆணைப்படியே சுரக்கின்றன. இதில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் மண்டையோட்டைத் திறக்காமல் மூக்கின் வழியாகவே அவற்றை அகற்றுகின்றனர். அதன்பின் சுரப்பி எப்போது பழைய நிலைக்குத் திரும்பும் என்பது ஹார்மோனுக்கு ஹார்மோன் வேறுபடும்.

மீள்வது எப்படி?

சுரப்பு குறைந்துவிட்டது என்றால் செல்கள் இறந்துவிட்டன என்று பொருள் அல்ல. ஹைப்போதலாமஸிலிருந்து காம்பு வழியே வரும் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கட்டி நெரிக்கும்போது ஆணை வந்து சேர்வதில்லை. ரப்பர் குழாயை மிதித்திருக்கும் காலை எடுத்ததும் தண்ணீர் பாய்வது போல, அழுத்தம் நீங்கினால் சுரப்பு திரும்பக்கூடும். புரோலாக்டின் மட்டும் இதற்கு நேர்மாறு. ஹைப்போதலாமஸ் அதை டோபமைன் மூலம் அடக்கி வைக்கிறது. காம்பு நெரிபட்டால் அது கூடும். நெரிசல் நீங்கினால் குறையும்.

நீரும் உப்பும்

உடலில் நீரைத் தக்கவைக்கும் வாசோபிரசின், ஹைப்போதலாமஸில் உருவாகிக் கபச்சுரப்பியின் பின்பகுதியில் சேமிக்கப்படுகிறது. அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் இது குறைந்தால் கடும் தாகமும் அளவுக்கு மீறிய சிறுநீரும் உண்டாகும். பலருக்கு இது தானே சரியாகிவிடும். சிலருக்கு ஒரு வாரம் கழித்து இதே ஹார்மோன் தேவைக்கு மேல் கசிந்து, 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய இரத்த சோடியம் அளவு சரிகிறது. நோயாளி வீடு திரும்பிய பிறகே பெரும்பாலும் இது நேர்கிறது. ஆகவே அந்நாட்களில் வரும் தலைவலி, குமட்டல், குழப்பம் ஆகியவற்றை வெறும் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது.

கார்ட்டிசால்

உயிருக்கு மிக இன்றியமையாதது இதுவே. காலை எட்டு மணி அளவில் எடுக்கும் இரத்தத்தில் கார்ட்டிசால் குறைவாக இருந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை தரப்படும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு நாளொன்றுக்கு 15 முதல் 25 மில்லிகிராம். அதைப் பிரித்து உட்கொள்வர்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912இல் விவரித்த குஷிங் நோயில் நிலைமை விந்தையானது. கட்டி ஓயாமல் ஆணையிட்டு அட்ரீனலைக் கார்ட்டிசால் சுரக்க வைப்பதால், அருகிலுள்ள நல்ல செல்கள் வேலையின்றி உறங்கிவிடுகின்றன. கட்டியை எடுத்ததும் கார்ட்டிசால் சட்டென்று வீழ்கிறது. நோயாளியை அச்சுறுத்தும் இந்த வீழ்ச்சி, அறுவை வெற்றி பெற்றதன் அடையாளம். உறங்கிய செல்கள் விழித்தெழ ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை மூட்டுவலியும் சோர்வும் வாட்டும்.

இக்காலத்தில் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் உடல் இயல்பாகவே கூடுதல் கார்ட்டிசால் சுரக்கும். சுரக்க முடியாதவர் மருத்துவர் சொன்னபடி அளவை இரண்டு அல்லது மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசிதான் வழி. ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லுக்கு அஞ்சி மருந்தை மறைத்துவைக்கும் உறவினர்கள், உடல் தானே செய்ய வேண்டியதைத்தான் அது ஈடுசெய்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

பிற ஹார்மோன்கள்

தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் அறுவைக்கு மறுநாள் சோதித்துப் பயனில்லை. ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்க்கின்றனர். கார்ட்டிசால் குறைவு இருந்தால் அதை முதலில் சரிசெய்த பின்னரே தைராக்சின் தொடங்க வேண்டும். வரிசை மாறினால் இருக்கும் சிறிதளவு கார்ட்டிசாலும் விரைவில் செலவாகி நெருக்கடி உண்டாகும்.

பெண்களுக்கு மாதவிடாய் திரும்புவது இனப்பெருக்க ஹார்மோன்கள் மீண்டதற்கு எளிய அறிகுறி. வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து கைகால் பெருத்தவர்களுக்கு, அறுவை வெற்றி பெற்றால் அந்த ஹார்மோன் சில மணி நேரத்திலேயே குறையும். வீக்கம் வடிந்து விரல் மோதிரம் தளரும். ஆனால் நீண்டுவிட்ட தாடை எலும்பு அப்படியே இருக்கும்.