ஒயிட் பேலன்ஸும் பெரியப்பா விசிறியும்

பி.காம். படித்தவனிடம் 'பேலன்ஸ்' என்று சொன்னால் அவனுக்கு ஞாபகம் வருவது டிரையல் பேலன்ஸ்தான். 'ஒயிட் பேலன்ஸ்' என்று இன்னொன்று இருக்கிறது, அது டேலி ஆகாவிட்டால் கூடப் பிறந்த அக்காவே முகம் கொடுத்துப் பேசமாட்டாள் என்பது, அக்கா மகள் கல்யாணத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

விஷயம் இதுதான். நிச்சயதார்த்த ஆல்பம் வந்தது. ஆசையாகத் திறந்தால்... எங்கள் வீட்டுப் பெண்ணைக் காணோம்! நல்ல கருப்பு நிறப் பெண், ரோஜாப்பூ கலரில் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு வாண்டு, "இந்த அக்கா யாரு?" என்று கேட்டே விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

ராத்திரி என்னிடம் வந்தாள். "மாமா, கல்யாணத்துக்கு நீங்களும் கேமராவோட வாங்க. என் கலர்லயே எனக்கு ஒரு போட்டோ வேணும்."

எடுத்தேன். எல்லாம் 'ரா' ஃபைல். ('ரா' என்றதும் சோடா தேடாதீர்கள்!) ஜேபெக் என்பது ஆடிட்டர் கையெழுத்துப் போட்டு முடித்த கணக்கு மாதிரி. கேமராவே நிறத்தை முடிவு பண்ணிப் படத்தோடு சேர்த்துவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். அப்புறம் இழுத்தால் கிழியும். 'ரா' என்பது ஒரிஜினல் வவுச்சர். 14 பிட் கேமராவில் 16,384 படிகள். ஒயிட் பேலன்ஸ் அதில் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பு மட்டுமே. எத்தனை தடவை அழித்து எழுதினாலும் படம் கெடாது.

மஞ்சள் பல்ப் வெளிச்சத்திலும் வெள்ளை வேட்டி நம் கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். மூளை சத்தமில்லாமல் கணக்கைச் சரிசெய்துவிடுகிறது. கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைச்சல். என் படங்களில் மண்டபமே மஞ்சள் காமாலை பிடித்த மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டரில் இங்க் பில்லர் மாதிரி ஒரு கருவி உண்டு. 'இது நிறமே இல்லாத இடம்' என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினால், அதை வைத்து மொத்தப் படத்தையும் சரிசெய்யும். சுலபம்தானே என்று சம்பந்தியின் வேட்டியைத் தொட்டேன். ஐயோ! மஞ்சள் குறையவில்லை, மிச்சம் இருந்தது. வேறொன்றுமில்லை, சொட்டு நீலம்! வேட்டியில் இருந்த நீலத்தை ஈடுகட்ட மென்பொருள் மஞ்சளை விட்டுவைத்திருந்தது. சரி என்று மாப்பிள்ளையின் பட்டு வேட்டியைத் தொட்டேன். அது சந்தன வெள்ளை. மண்டபம் ஊட்டி மாதிரி நீலமாகிவிட்டது. ஃபிளாஷ் பட்டுப் பளீரென்று வெளுத்த ஒரு சட்டையைத் தொட்டேன். அங்கே மூன்று நிறமும் உச்சத்தில் முட்டி நிற்கும். தகவலே இல்லாத இடம் என்ன பதில் சொல்லும்?

'கெல்வின்' பட்டியைக் கையால் நகர்த்தினேன். அதிலும் ஒரு குழப்பம். பழைய குண்டு பல்ப் சுமார் 2,800. நடுப்பகல் வெயில் சுமார் 5,500. எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும். ஆனால் பட்டியை வலப்பக்கம் தள்ளினால் படம் மஞ்சளாகிறது! யோசித்தால் நியாயம்தான். 'விளக்கு நீலம்' என்று நாம் சொல்கிறோம். மென்பொருள் அதற்கு எதிராக மஞ்சள் ஊற்றுகிறது. டெபிட்டுக்குக் கிரெடிட்!

பின்னாலிருந்து அக்கா குரல். "டேய், அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளேன். பொண்ணு வெளுப்பாத் தெரியுறா பாரு."

தெரிந்தாள்தான். உதடு மட்டும் ஊதாவாக இருந்தது.

இதற்கெல்லாம் மருந்து ஒரு சாம்பல் நிற அட்டை. எந்த நிறத்தின் பக்கமும் சாயாத அட்டை. அதை முகத்தருகே பிடித்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். நானும் வாங்கியிருந்தேன். முகூர்த்தத்தன்று காலையிலேயே காணாமல் போய்விட்டது.

விரக்தியில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவன் அப்படியே நின்றேன். அட்சதை போட மேடையேறிய பெரியப்பா, மணப்பெண்ணை ஒட்டி நின்று புழுக்கம் தாங்காமல் விசிறிக்கொண்டிருந்தார். கையில்... என் அட்டை! அதே மேடை, அதே விளக்கு. ஒரு தொடுதல். மஞ்சள் கரைந்தது. பந்தல் வாழை பச்சையானது. கூறைப்புடவை அரக்கானது. நடுவில் எங்கள் வீட்டுப் பெண், அவளுடைய சொந்த நிறத்தில்!

அதே எண்களை மேடைப் படங்கள் அத்தனைக்கும் காப்பி செய்தேன். வாசல் வெயிலில் எடுத்தவற்றுக்கு இது செல்லாது. வெளிச்சம் மாறினால் கணக்கும் மாறும்.

அக்காவுக்குத் திருப்தியில்லை. "என்னடா, கருப்பா இருக்கா?"

நான் வாயைத் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள். "அம்மா, மாமா திருத்தினது லைட்டை. என்னைத் திருத்தலை. இதுதான் நான்."

அக்கா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அப்படியே எங்க அம்மா ஜாடைடா..."

ஆல்பத்தின் முதல் படம் அதுதான். விசிறிக்கு நன்றி சொல்லப் பெரியப்பாவிடம் போனேன். முழுசாகக் கேட்டுவிட்டு, தலையைத் தடவிக்கொண்டே ரகசியமாகக் கேட்டார்:

"அதெல்லாம் சரி தம்பி... இந்தத் தலை வெள்ளைக்கு ஏதாவது பேலன்ஸ் இருக்கா?"