வேகமல்ல, நேரம்தான் முக்கியம்

ஃபைபர் (ஒளிநார்) என்றால் வன்னியில் உடனே நினைவுக்கு வருவது இணைய இணைப்புத்தான். தொழிற்சாலைகளில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: பல மோட்டர்களைப் பிசகாமல் சேர்த்து ஓட்டுவது.

பத்திரிகைப் படங்களில் நிறம் விலகி, முகம் இரண்டாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு நிறங்களை நான்கு உருளைகள் தனித்தனியே பதிக்கின்றன. முன்னர் அவற்றை ஒரே நீண்ட இரும்புத் தண்டும் பற்சில்லுகளும் இணைத்தன. பின்னர் ஒவ்வோர் உருளைக்கும், நிலையைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தக்கூடிய தனி சேர்வோ மோட்டர் வந்தது. தாள் செக்கனுக்கு 10 மீற்றர் ஓடும்போது ஒரு மோட்டர் ஒரு மில்லிசெக்கன் பிந்தினால் நிறம் 10 மில்லிமீற்றர் விலகிவிடும். பிந்துவது ஒரு மைக்ரோசெக்கன் என்றால் விலகல் நூறில் ஒரு மில்லிமீற்றர், கண்ணுக்குத் தெரியாது.

மோட்டர்களை இப்படி நேரம் பிசகாமல் இணைக்க 1980களில் ஜேர்மனியில் உருவான தொடர்பு முறைதான் ‘சேர்கோஸ்’. 1995இல் அது ஐஇசி 61491 என்ற சர்வதேசத் தரமாயிற்று. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து புறப்படும் ஒளிநார், ஒவ்வொரு மோட்டரையும் இயக்கும் ‘டிரைவு’ என்ற கருவிக்கும் போய், கடைசியில் அதே பெட்டிக்குத் திரும்பும். ஒவ்வொரு தொடர்புச் சுற்றின் தொடக்கத்திலும் நேரக்குறிப்பு ஒன்று எல்லா டிரைவுகளுக்கும் போகும். முறை வரும்போது ஒவ்வொன்றும் தன் மோட்டர் இருக்கும் நிலையைச் சொல்லும். கட்டளை வந்தவுடன் எதுவும் பாயாது. குறித்த கணத்தில் எல்லாம் சேர்ந்தே இயங்கும். முதல் சேர்கோஸின் வேகம் செக்கனுக்கு 2 அல்லது 4 மெகாபிட்தான். வீட்டு இணையமே அதைவிட வேகமானது!

செப்புக் கம்பியில் மோட்டர்களின் மின் இரைச்சல் தொற்றும். ஒளியை அது தொடாது. சேர்கோஸ் பிறகு ஈதர்நெட்டுக்கு மாறினாலும், ஃபனுக், மிட்சுபிஷி ஆகிய நிறுவனங்கள் தங்கள் சேர்வோ இணைப்புகளுக்கு ஒளிநாரைப் பயன்படுத்தியுள்ளன.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. இந்தத் தொழில்நுட்பம் கற்பிக்கப்பட வேண்டிய இடங்கள் இவைதான். நாரைக் கூர்மையாக மடித்தாலோ முனையில் எண்ணெய் படிந்தாலோ ஒளி மங்கும். பழைய சேர்கோஸ் வளையம் ஓரிடத்தில் அறுந்தால் எல்லா மோட்டர்களும் நிற்கும். சில வேளை முனையைத் துடைத்துச் செருகினாலே போதும். அது தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால், கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை இயந்திரம் சும்மா கிடக்கும்.

ஆகவே இயந்திரத்தை ஓட்டப் பழக்குவதோடு நிற்கக் கூடாது. பழுது கண்டுபிடிக்கவும் எங்கள் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். சம்பளமும் மதிப்பும் அந்த வேலையில்தான் கூட.