ஞானப்பல்லும் பல் சீரமைப்புச் சிகிச்சையும்

"கம்பி கட்டி நேராக்கிய பல்வரிசை, ஞானப்பல் முளைத்தால் மறுபடியும் கோணலாகிவிடுமா? முன்னதாகவே அதை எடுத்துவிடலாமா?" பல் சீரமைப்புச் சிகிச்சைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இது. தேவையற்ற ஓர் அறுவை சிகிச்சையைத் தவிர்ப்பதும், தேவையானதைக் காலம் தாழ்த்தாமல் செய்துகொள்வதும் இதற்கான விடையைப் பொறுத்தவை.

ஞானப்பல் என்பது எது?

மேல், கீழ்த் தாடைகளின் இருபுறமும் கடைசியாக முளைக்கும் மூன்றாம் கடைவாய்ப் பல்லே ஞானப்பல். பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் இது வெளிவரும். சிலருக்கு ஒன்றிரண்டு ஞானப்பற்கள் உருவாவதே இல்லை. தாடையில் இடம் போதாவிடில், பல் எலும்புக்குள்ளேயே புதைந்துவிடும். அல்லது முன்னுள்ள பல்லின் மீது சாய்ந்து, பாதி மட்டும் வெளியே தெரியும்.

பல் நெருக்கத்துக்கு இதுதான் காரணமா?

கீழ்த் தாடையின் முன்பற்கள் பதின்பருவத்தின் இறுதியில் நெருங்கத் தொடங்குவதுண்டு. ஞானப்பல் முளைப்பதும் அதே காலத்தில்தான். எனவே, அது பின்னாலிருந்து தள்ளுவதால்தான் முன்பற்கள் கோணலாகின்றன என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், ஞானப்பல் உருவாகாதவர்களுக்கும், அதை எடுத்துவிட்டவர்களுக்கும்கூட இந்நெருக்கம் ஏற்படுகிறது. தாடையின் பிந்தைய வளர்ச்சி, பற்கள் முன்னோக்கி நகரும் இயல்பு, உதடு மற்றும் கன்னத் தசைகளின் அழுத்தம் எனப் பல காரணங்கள் இதில் சேர்கின்றன.

ஆகவே, நெருக்கத்தைத் தடுப்பதற்காக மட்டும் ஞானப்பல்லை எடுப்பது பொருத்தமன்று. நோய் எதுவுமில்லாத, புதைந்த ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது. நேராக்கிய பல்வரிசையைக் காப்பது 'ரிடெய்னர்' என்னும் தக்கவைப்புக் கருவியே. மருத்துவர் கூறிய காலம்வரை அதை ஒழுங்காக அணியாவிட்டால், ஞானப்பல் இல்லாதவருக்கும் பற்கள் இடம் மாறக்கூடும்.

எப்போது எடுக்க வேண்டும்?

• பல்லைச் சுற்றியுள்ள ஈறு அடிக்கடி வீங்கிச் சீழ் பிடித்தால்
• ஞானப்பல்லிலோ முன்னுள்ள கடைவாய்ப் பல்லிலோ சொத்தை ஏற்பட்டு, ஞானப்பல்லை எடுத்தாலன்றிச் சரிசெய்ய இயலாவிட்டால்
• முன்னுள்ள பல்லின் வேர் அரிக்கப்பட்டால், அல்லது நீர்க்கட்டி உருவானால்
• சீரமைப்புக்காகக் கடைவாய்ப் பற்களைப் பின்னோக்கி நகர்த்த ஞானப்பல் தடையாக இருந்தால்
• தாடை அறுவை சிகிச்சைத் திட்டத்தில் அது இடையூறாக அமைந்தால்

மாறாக, ஞானப்பல் உதவும் சூழலும் உண்டு. இரண்டாம் கடைவாய்ப் பல் சிதைந்து எடுக்க நேர்ந்தால், ஞானப்பல்லின் வடிவமும் நிலையும் ஏற்றதாக இருப்பின், கம்பியின் துணையால் அதை அவ்விடத்துக்கு நகர்த்தலாம். சீரமைப்புக்காக முன்கடைவாய்ப் பற்களை எடுத்தவர்களுக்கு, ஞானப்பல் முளைக்கக் கூடுதல் இடம் கிடைப்பதும் உண்டு.

முடிவெடுக்கும் முன்

முழுத்தாடை எக்ஸ்ரே பல்லின் சாய்வையும் வேர்களின் நிலையையும் காட்டும். கீழ் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அருகே செல்கிறது. வேரும் நரம்பும் மிக நெருங்கியிருந்தால் முப்பரிமாண ஸ்கேன் தேவைப்படலாம். பல்லை எடுத்தபின் உதட்டிலோ நாக்கிலோ மரத்துப்போதல் ஏற்படும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. பெரும்பாலும் அது படிப்படியாகச் சரியாகும், அரிதாக நிலைத்துவிடும். காரணமின்றி எடுக்க வேண்டாம் என்பது இதனாலேயே.

பல்லை எடுத்தபின் இரண்டு மூன்று நாள்கள் வீக்கமும் வாய் திறப்பதில் சிரமமும் இருப்பது வழக்கம். முதல் நாள் வாய் கொப்பளிக்காதீர்கள், புகைபிடிக்காதீர்கள். வலி குறையாமல் மூன்றாம் நாளுக்குப் பின் மிகுந்தாலோ, காய்ச்சலோ விழுங்குவதில் சிரமமோ ஏற்பட்டாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஞானப்பல்லை எடுக்குமாறு பரிந்துரைக்கப்பட்டால், "எதற்காக எடுக்க வேண்டும்? எடுக்காவிட்டால் என்ன ஆகும்?" என்று தயங்காமல் கேளுங்கள். எடுக்காமல் விடுவதென முடிவானால், அப்பல்லின் பின்புறம்வரை நன்கு துலக்கி, மருத்துவர் குறித்த இடைவெளியில் பரிசோதனைக்கு வருவது அவசியம்.