கண்ணில் பூ விழும் முன்

சிவந்த கண்ணெல்லாம் ‘மெட்ராஸ் ஐ’ ஆகாது. இவ்வேறுபாட்டை அறியாமல் போவதன் விலை, உழைப்பவரின் பார்வை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பட்டியல் சாதித் தொழிலாளரில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் விவசாயக் கூலிகள். அனைத்துத் தொழிலாளரையும் சேர்த்தால் அது 30 விழுக்காடே. அறுவடையிலும் கதிரடிப்பிலும் நெற்தாள் கீறுவது இவர்களின் கருவிழியைத்தான்.

மெட்ராஸ் ஐ எனப்படும் வெண்படல அழற்சியில் கண் சிவக்கும், பீளை கட்டும்; பார்வை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். வைரஸால் வருவது ஓரிரு வாரங்களில் தானே ஆறும். கை கழுவுவதும் தனித் துண்டும் பரவலைத் தடுக்கும். மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல் நீடித்தால் உலர்கண்ணாக இருக்கலாம். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு உதவும். வெயிலிலும் தூசியிலும் ஆண்டுக்கணக்கில் உழைப்போருக்கு மூக்கின் பக்கமிருந்து கருவிழி நோக்கிச் சதை வளரக்கூடும். பார்வையை மறைக்கும் நிலை வந்தால் அதை அறுவைச் சிகிச்சையால் அகற்றுவர்.

கருவிழிப் புண் இவற்றினின்று வேறு. கடும் வலி, வெளிச்சம் கண்டால் கூச்சம், மங்கும் பார்வை, கருவிழியில் வெண்புள்ளி ஆகியவை அதன் அடையாளங்கள். அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தென்னிந்தியாவில் இத்தொற்றுகளில் ஏறத்தாழப் பாதி, பூஞ்சையால் வருபவை. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு சிவப்பைக் குறைத்துக் காட்டும்; உள்ளே பூஞ்சை பரவும். தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் தொற்றைக் கூட்டலாம். புண்ணைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தே மருந்தை முடிவு செய்ய வேண்டும். இழைப்பூஞ்சைக்கு 5 விழுக்காடு நேட்டமைசின் சொட்டே முதன்மை மருந்து. தாமதித்தால், ஊரார் ‘பூ விழுந்தது’ என்னும் நிலைத்த தழும்பே மிஞ்சும்.

தடுக்கவும் வழியுண்டு. நேபாளத்தின் பக்தபூரில் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள், கீறல்பட்ட கண்ணுக்கு 1 விழுக்காடு குளோராம்பெனிகால் களிம்பை நாளுக்கு 3 முறையாக 3 நாட்கள் அளித்தனர். 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கிய எவருக்கும் புண் ஏற்படவில்லை என 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சட்டமோ பாரபட்சம் காட்டியது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், ஒரு கண்ணின் பார்வையிழப்பை 30 விழுக்காடு சம்பாதிக்கும் திறனிழப்பாக மதிப்பிட்டது. ஆயினும் அதன் அட்டவணை, விவசாயத்தில் டிராக்டர் போன்ற இயந்திர வேலையைக் குறிப்பிட்டது, அரிவாளேந்தியவரைக் குறிப்பிடவில்லை.

எனவே, துணைச் சுகாதார நிலையந்தோறும் களிம்பும், வயலில் பாதுகாப்புக் கண்ணாடியும் கேட்போம். கண்ணில் அடிபட்டவரை அழைத்துச் செல்லும் தோழர்கள், ‘வேலையின்போது நெற்தாள் பட்டது’ என்பதை நாள், இடத்துடன் புறநோயாளர் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பின்னர் எந்த நிவாரணம் கோரினாலும் அதுவே முதல் சான்று.