ஐஸ்லாந்தில் கார் ஓட்டப் போறீங்களா? இதெல்லாம் தெரியுமா?

ஒரே ஒரு சாலையில் ஒரு நாட்டையே சுற்றி வந்துவிடலாம், தெரியுமா? ஐஸ்லாந்தின் ‘ரிங் ரோடு’ அப்படிப்பட்டது! நீளம் சுமார் 1,300 கி.மீ.! எரிமலை, பனியாறு, அருவி எல்லாமே வழியிலேயே வரும்! வாடகைக் காரின் சாவியை வாங்கும் முன் இந்த ஆச்சரியங்களைப் படித்துவிடுங்கள்!

ஒரே நாளில் பக்கம் மாறிய நாடு!
ஒரு காலத்தில் ஐஸ்லாந்துக்காரர்களும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டினார்கள். 1968 மே 26 அன்று நாடு மொத்தமும் வலப்பக்கம் மாறியது! ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும், உஷார்!

பட்டப்பகலிலும் ஹெட்லைட்!
ஜூனில் இரவிலும் இருட்டாது. ஆனாலும் 24 மணி நேரமும் ஹெட்லைட் எரிய வேண்டும். அதுதான் சட்டம்!

90-ஐத் தாண்டக் கூடாது!
ஊருக்குள் 50, சரளைக்கல் சாலையில் 80, தார்ச்சாலையில் 90 கி.மீ.! சாலை எவ்வளவு காலியாகக் கிடந்தாலும் இதுதான் வரம்பு!

கதவைப் பிய்க்கும் காற்று!
நம்புவீர்களா? திறந்த கார்க் கதவை அப்படியே பின்னுக்கு மடக்கிவிடும் காற்று அங்கே வீசுகிறது! பெரும்பாலான இன்சூரன்ஸில் இதற்குப் பைசா கிடைக்காது. காற்றை எதிர்நோக்கி நிறுத்துங்கள், கதவை இறுகப் பிடித்தபடி திறங்கள்! மணலும் சாம்பலும் பறந்து வந்து பெயின்ட்டைச் சுரண்டும் என்பதால், அதற்கென்றே தனி இன்சூரன்ஸ் விற்கிறார்கள்!

இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் குட்டி!
கோடையில் ஆடுகள் இஷ்டத்துக்கு மேயும். தாய் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் நின்றால் உடனே வேகத்தைக் குறையுங்கள். குட்டி குறுக்கே பாய்ந்து ஓடும்!

ரவுண்டானாவில் யாருக்கு முதலிடம்?
இரண்டு தடம் உள்ள ரவுண்டானாவில் உள்தடத்தில் வருபவருக்கே முதல் உரிமை! வெளித்தடத்தில் இருப்பவர் வழிவிட வேண்டும்!

சுரங்கத்துக்குள் ஒரு முச்சந்தி!
ஈஸாஃபியோர்டுர் ஊருக்கு அருகே, மலைக்குள் சுமார் 9 கி.மீ. சுரங்கச் சாலை. உள்ளேயே அது இரண்டாகப் பிரிகிறது! சில இடங்களில் ஒரே தடம்தான். ஒதுங்கி நின்று எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும்!

டோல்கேட் இல்லாத டோல்!
அக்யூரேரி நகரத்துக்கு அருகிலுள்ள சுரங்கத்தில் உங்களை யாரும் நிறுத்த மாட்டார்கள். கேமரா வண்டி எண்ணைப் படமெடுக்கும், ஆன்லைனில் நீங்களே கட்ட வேண்டும்! மறந்தால் வாடகை நிறுவனம் வழியாகக் கூடுதல் கட்டணத்தோடு பில் வரும்! இதய வடிவில் எரியும் சிவப்பு சிக்னலுக்கும் பெயர் பெற்ற ஊர் இது, தெரியுமா?

பாலமில்லா ஆறுகள்!
‘எஃப்’ என்ற எழுத்தோடு தொடங்கும் மலைச்சாலைகள் கோடையில் மட்டுமே திறக்கும். ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம்! சில இடங்களில் ஆற்றுக்குள்ளேயே இறங்கி ஏற வேண்டும்! தண்ணீரால் வண்டி கெட்டால் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான்!

சாலையை விட்டு இறங்கினால் குற்றம்!
ஒரு டயர் தடம் பாசியை நசுக்கினால், அது மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்! அபராதம் லட்சக்கணக்கான க்ரோனா வரை போகும்!

கிளம்புமுன் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் ஓராண்டுதான் செல்லும். ஆளில்லா பெட்ரோல் பங்க்குகளுக்காக பின் நம்பர் உள்ள கார்டு கையில் இருக்கட்டும். தினமும் காலையில் வானிலையையும் சாலை நிலவரத்தையும் பாருங்கள். அவசரத்துக்கு 112! சாலை மூடியிருக்கிறது என்றால், தயவுசெய்து திரும்பிவிடுங்கள்!