அகலத் திரையில் டி.வி.டி. படம்: வட்டம் வட்டமாகத் தெரிய வேண்டாமா?

நூலின் முனையில் ஒரு குண்டைக் கட்டிச் சுழற்றினால் அது வட்டப் பாதையில் செல்லும். பள்ளி மாணவரும் அறிந்த செய்தி இது. இந்தச் சோதனையை ஒருமுறை டி.வி.டி. படமாகக் கல்லூரி வகுப்பில் போட்டுக் காட்டினேன். மானிட்டர் புதிது, அகலத் திரை. படம் ஓரங்களில் சிறிதும் இடம் விடாமல் திரை முழுவதும் நிறைந்து, பார்க்க அழகாகவே இருந்தது. பாடம் முடியும் தறுவாயில் ஒரு மாணவர் எழுந்து, "சார், குண்டு போகும் பாதை நீள்வட்டமாக அல்லவா தெரிகிறது?" என்று கேட்டார்.

அடிக்கோலை எடுத்துத் திரையின் மீதே வைத்து அளந்தோம். பாதையின் அகலம் 32 செ.மீ.; உயரம் 24 செ.மீ. நூலின் நீளம் மாறாதபோது பாதை எப்படி நீள்வட்டமாகும்? தவறு குண்டிலும் இல்லை, நூலிலும் இல்லை. படத்தை ஓட்டிய மென்பொருளுக்கு நான் இட்ட கட்டளையில் இருந்தது. "திரையை நிரப்பு" என்று கட்டளையிட்டிருந்தேன். அது சொன்னபடியே நிரப்பிவிட்டது!

32ஐ 24ஆல் வகுத்தால் 4/3 வருகிறது. இந்த எண் தற்செயலாக வந்ததன்று. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அகலத் திரையில் டி.வி.டி. பார்க்க எத்தகைய மென்பொருள் வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

படத்தின் வடிவமும் திரையின் வடிவமும்

ஒரு படத்தின் அகலத்தை உயரத்தால் வகுத்தால் கிடைப்பது அதன் அகல-உயர விகிதம். 1932 முதல் அமெரிக்கத் திரைப்படங்களுக்கு இவ்விகிதம் 1.37 என்று வரையறுக்கப்பட்டது. பின்னர் வந்த தொலைக்காட்சியும் அதையொட்டி 4:3, அதாவது 1.33, என்ற வடிவத்தைக் கொண்டது. தொலைக்காட்சிப் பெட்டியின் போட்டியைச் சமாளிக்க, 1953ல் 'தி ரோப்' என்ற படத்தின் மூலம் சினிமாஸ்கோப் முறை அறிமுகமாயிற்று. படம் பெரிதும் அகன்றது; நாளடைவில் 2.35 என்பது அதன் வழக்கமான விகிதமாயிற்று. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973ல் வெளிவந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு வெகு முன்பே, 1952ல் வந்த 'பராசக்தி' போன்றவை குறுகிய சட்டத்தில் எடுக்கப்பட்டவை.

இப்படிப் பல வடிவப் படங்களையும் ஒரே திரையில் காட்ட வேண்டுமானால் அத்திரையின் வடிவம் எதுவாக இருக்க வேண்டும்? 1980களில் அமெரிக்கப் பொறியியலாளர் கெர்ன்ஸ் பவர்ஸ் இதை ஆராய்ந்து 16:9 என்ற வடிவத்தை முன்மொழிந்தார். அதன் மதிப்பு 1.78. 1.33ஐ 2.35ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டு பாருங்கள், 1.77 வரும். ஆக, 16:9 என்பது குறுகிய படத்துக்கும் அகன்ற படத்துக்கும் இடையே செய்யப்பட்ட ஒரு சமரசம். இன்று கடைகளில் கிடைக்கும் மானிட்டர்களில் பெரும்பாலானவை இந்த வடிவத்தவையே.

சமரசத் திரை என்பதால் ஒன்று தெளிவாகிறது. பழைய படமும் அதில் சரியாகப் பொருந்தாது; சினிமாஸ்கோப் படமும் பொருந்தாது. பொருந்தாத இடத்தை என்ன செய்வது என்பதே கேள்வி.

மூன்று வழிகள்

அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080 படப்புள்ளிகள் கொண்ட மானிட்டரை எடுத்துக்கொள்வோம்.

முதல் வழி, படத்தின் வடிவத்தைக் காப்பாற்றி, மீந்த இடத்தைக் கறுப்பாக விடுவது. 4:3 படம் 1440 புள்ளி அகலமே கொள்ளும். இடப்புறமும் வலப்புறமும் 240 புள்ளிகள் வீதம் கறுப்பாக நிற்கும். 2.35 படம் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு 817 புள்ளி உயரத்தில் நின்றுவிடும். மேலும் கீழும் ஏறத்தாழ 131 புள்ளிகள் வீதம் கறுப்புப் பட்டை தோன்றும்.

இரண்டாம் வழி, படத்தை இழுத்து நிரப்புவது. 1440 புள்ளி அகலத்தை 1920 ஆக இழுத்தால் அகலம் 4/3 மடங்காகிறது. எங்கள் வகுப்பில் வட்டம் நீள்வட்டமானது இதனால்தான். மெலிந்தவர் பருத்துவிடுவார். 45 பாகைச் சரிவு ஏறத்தாழ 37 பாகையாகக் குறைந்துவிடும். எறிபொருளின் பாதையைப் படத்திலிருந்து அளக்கும் மாணவனுக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறு இல்லை.

மூன்றாம் வழி, வடிவம் கெடாமல் படத்தைப் பெரிதாக்கி, திரைக்கு வெளியே நீளும் பகுதியை வெட்டிவிடுவது. 4:3 படத்தை இப்படி நிரப்பினால் உயரத்தில் சரியாகக் கால் பங்கு போய்விடும். ஆடுபவரின் பாதமோ தலையோ மறையும். 2.35 படத்தில் அகலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு போகும். ஓரத்தில் நின்று பேசுபவரின் குரல் கேட்கும், ஆள் தெரியமாட்டார்.

வழக்கமாக முதல் வழியே சரியானது. ஆனால் மூன்றாம் வழி இன்றியமையாததாகும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. அதை அறியத் தகட்டினுள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

தகட்டில் இருப்பது என்ன?

டி.வி.டி. இயந்திரங்கள் முதன்முதலில் 1996ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. நம் நாட்டின் தொலைக்காட்சி முறையான பால் முறையில் அமைந்த தகட்டில் ஒவ்வொரு படச்சட்டமும் வழக்கமாக 720 புள்ளி அகலமும் 576 வரி உயரமும் கொண்டது. 720ஐ 576ஆல் வகுத்தால் 1.25 வருகிறது. இது 4:3ம் அன்று, 16:9ம் அன்று! அப்படியானால் சரியான வடிவம் எங்கிருந்து வருகிறது?

தகட்டில் படத்தோடு ஒரு சிறு குறியும் பதியப்பட்டிருக்கிறது. "இப்படத்தை 4:3 ஆக விரி" அல்லது "16:9 ஆக விரி" என்பதே அக்குறி சொல்லும் செய்தி. மடித்துப் பெட்டியில் வைத்த வேட்டியை வெளியே எடுத்து விரிப்பது போல, மென்பொருள் அக்குறியைப் படித்து, அதே 720 புள்ளிகளைத் தேவையான அகலத்துக்கு விரிக்க வேண்டும். 4:3 எனில் 576 வரிக்கு ஏற்ற அகலம் 768; 16:9 எனில் 1024. குறியைப் பொருட்படுத்தாத மென்பொருளில் எல்லாரும் ஒடுங்கி, நெடிது வளர்ந்தவர்களாகத் தெரிவார்கள்.

நாற்புறமும் கறுப்புச் சட்டம்

அகலத் திரை பரவுவதற்கு முன், பழைய 4:3 தொலைக்காட்சிப் பெட்டிகளை மனத்தில் கொண்டு பல தகடுகள் தயாரிக்கப்பட்டன. அவற்றில் சினிமாஸ்கோப் படத்தை 4:3 சட்டத்துக்குள் அடக்கி, மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகளையும் படத்தின் பகுதியாகவே பதிந்துவிட்டார்கள். குறி "4:3" என்று சொல்கிறது; மென்பொருளும் அதற்குப் பணிந்து இடமும் வலமும் கறுப்பு விடுகிறது. பதிந்த பட்டைகள் மேலும் கீழும் இருக்கவே இருக்கின்றன. நடுவில் அஞ்சலட்டை போல ஒரு சிறு படம்!

கணக்கிட்டால், படம் பிடித்திருக்கும் இடம் 1440 × 613 புள்ளிகள். அதாவது திரைப்பரப்பில் ஏறத்தாழ 43 விழுக்காடு. இங்கேதான் மூன்றாம் வழி கைகொடுக்கிறது. படத்தை 4/3 மடங்கு பெரிதாக்கி, மேலும் கீழும் வெட்டினால் வெட்டப்படுவது வெறும் கறுப்புப் பட்டையின் ஒரு பகுதியே. படம் 1920 × 817 புள்ளிகளாக விரிந்து ஏறத்தாழ 76 விழுக்காட்டை நிரப்பும். வடிவமும் கெடாது, காட்சியும் குறையாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: வசனத்தின் மொழிபெயர்ப்பு எழுத்துகள் கீழ்ப்பட்டையில் அமைந்திருந்தால், வெட்டும்போது அவையும் போய்விடலாம்.

தெளிவைப் பொறுத்தவரை எந்த மென்பொருளும் மாயம் செய்ய இயலாது. இத்தகைய தகட்டில் 576 வரிகளில் படத்துக்குக் கிடைத்தவை சுமார் 327 மட்டுமே. அதே படம் 16:9 குறியோடு பதியப்பட்டிருந்தால் சுமார் 436 வரிகள் கிடைத்திருக்கும். இல்லாத வரிகளை மென்பொருள் ஊகித்து நிரப்பலாம். மீட்டுத் தர முடியாது. எனவே தகடு வாங்கும்போது உறையின் பின்புறத்தில் 16:9 என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எந்த மென்பொருள்?

முதலில் மானிட்டரைச் சோதியுங்கள். கணிப்பொறியின் திரை அளவு 1024 × 768 போன்ற பழைய அளவில் வைக்கப்பட்டிருந்தால், மானிட்டரே எல்லாவற்றையும் அகலவாட்டில் இழுத்துவிடக்கூடும். அப்போது மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. படம் வரையும் நிரலில் ஒரு வட்டம் வரைந்து அடிக்கோலால் அளந்து பாருங்கள். அகலமும் உயரமும் சமமாக இல்லையெனில், திரை அளவை மானிட்டருக்கு உரிய அளவுக்கு மாற்றுங்கள்.

அடுத்து மென்பொருள். விண்டோஸ் 7ன் பல பதிப்புகளில் டி.வி.டி. ஓட்டும் வசதி உள்ளேயே இருந்தது. 2012ல் வந்த விண்டோஸ் 8ல் அதனுடன் வந்த மீடியா பிளேயரிலிருந்து அவ்வசதி நீக்கப்பட்டது. ஆகவே தனி மென்பொருள் தேவைப்படுகிறது. அதனிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து:

1. தகட்டின் பட்டியல் பக்கம் திறந்து, வேண்டிய பகுதிக்குச் செல்ல முடிகிறதா?
2. 4:3, 16:9 குறியைத் தானே படித்து நடக்கிறதா?
3. குறி தவறாகப் பதிந்த தகடுகளுக்காக, விகிதத்தை நாமே மாற்ற வழி உண்டா?
4. படத்தை இழுக்காமல், வெட்டி மட்டும் பெரிதாக்க முடியுமா?
5. அசையும் பொருள்களின் ஓரத்தில் சீப்புப் பல் போலத் தோன்றும் கோடுகளை நீக்குமா?

ஐந்தாவது கேள்விக்குச் சிறு விளக்கம் தேவை. பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு சட்டத்தின் ஒற்றைப்படை வரிகள் முதலிலும் இரட்டைப்படை வரிகள் 1/50 நொடி கழித்தும் எடுக்கப்பட்டன. கணிப்பொறி இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது, அந்த 1/50 நொடியில் பொருள் நகர்ந்த தூரமே சீப்புப் பல்லாகத் தெரிகிறது.

இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. என்ற மென்பொருள் இந்த ஐந்து கேள்விகளுக்கும் ஏற்ற விடை தருகிறது. 1996ல் பிரான்சில் எகோல் சென்ட்ரல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் பிறந்தது இது. 2001ல் யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுடன் வெளியிடப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் 'எஃப்' விசையை அழுத்தினால் படம் முழுத்திரையில் வரும். 'ஏ' விசை விகிதத்தை மாற்றும். 'சி' விசை வெட்டும். 'டி' விசை சீப்புக் கோடுகளை நீக்கும். 'ஏ', 'சி' ஆகிய இரண்டையும் குழப்பிக்கொள்வதே பலர் செய்யும் தவறு. 'ஏ' படத்தின் வடிவத்தையே மாற்றிவிடும். 'சி' ஓரத்தை மட்டும் வெட்டும். நாற்புறமும் கறுப்புச் சட்டம் தெரியும் தகட்டுக்கு வேண்டியது 'சி'யில் வரும் 16:9 மட்டுமே.

வேறு மென்பொருளைப் பயன்படுத்துவோரும் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். விலை கொடுத்து வாங்கியதாயினும், "நீட்டு" என்பதையும் "வெட்டு" என்பதையும் வேறுபடுத்திக் காட்டாத மென்பொருள் நமக்கு ஏற்றதன்று.

அளந்து பாருங்கள்

விடை கண்டபின் அதே படத்தை மறுநாள் வகுப்பில் மீண்டும் ஓட்டினோம். இடமும் வலமும் கறுப்புப் பட்டைகள் வந்தன. "படம் சின்னதாகிவிட்டதே, சார்!" என்று சிலர் வருந்தினர். கேள்வி கேட்ட மாணவர் எழுந்து வந்து அடிக்கோலை வைத்தார். அகலம் 24 செ.மீ.; உயரமும் 24 செ.மீ.

நீங்களும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். படத்தில் நேர்முகமாகத் தெரியும் ஒரு மாட்டு வண்டிச் சக்கரமோ, சுவர்க் கடிகாரமோ, முழுநிலவோ வரும்போது படத்தை நிறுத்தி அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளும் சமமாக இருந்தால் உங்கள் மென்பொருள் சரியாக வேலை செய்கிறது. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தால், திரை நிறைந்திருக்கும், படம்தான் கெட்டிருக்கும்.